தொப்பிப் பெட்டியில் வந்த செல்வம்

இரசாயன பாடத்திலே அமிலம், காரம் என்பவற்றைக் கற்பிக்குந்தோறும் பீ.எச். பெறுமானம் என்னும் அளவினைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். நடுநிலையான நீருக்கு 7, அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். அவ்வளவில் பாடம் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணாக்கன் ஒருவன் எழுந்து, இவ்வளவை வகுத்தவர் யார், எவ்விடத்தில் வகுத்தார் என்று வினவினான். சோரன்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் 1909 ஆம் ஆண்டில் வகுத்தார் என்று முதல் வினாவுக்கு விடையிறுத்தேன். இரண்டாம் வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

நாளை சொல்கிறேன் என்று கூறி வந்தவன், அன்றிரவே நூல்களைப் புரட்டினேன். கிடைத்த விடை என்னைத் திகைக்க வைத்தது. சோரன்சன் பணியாற்றிய இடம் பல்கலைக்கழகமன்று, அரசாங்க ஆய்வுகூடமுமன்று. கொப்பன்ஹேகன் நகரத்துப் பியர் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடம் அது. உணவுப் பொருள்களில் உள்ள நைதரசனை அளப்பதற்கு இன்றும் நாம் கையாளும் கெல்டால் முறையும் 1883 ஆம் ஆண்டில் அதே கூரையின் கீழேதான் பிறந்தது.

மதுவை வாசற்படி மிதிக்க விடாத குடும்பத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். கார்ல்ஸ்பேர்க் என்னும் பெயரை நம் நாட்டுக் கடைகளிலே போத்தல்களின் மீது கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறேனேயன்றி, அது ஒரு சிறுவனின் பெயரால் அமைந்தது என்பதை அறிந்திருக்கவில்லை. அப்பெயரைச் சூட்டிய தந்தையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, மதுவின் கதையைப் படிக்கிறேன் என்ற எண்ணம் மெல்ல மெல்ல அகன்றது. அறிவைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஒருவர், அன்பைப் பகிர்ந்துகொள்ள இயலாமல் தவித்த கதையாகவே அது எனக்குத் தோன்றிற்று. அதனை இங்கே கூற விழைகின்றேன்.

யாக்கொப் கிறிஸ்தியன் யாக்கொப்சன் 1811 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் நாள் கொப்பன்ஹேகன் நகரிலே பிறந்தார். யூட்லாந்துப் பகுதியிலிருந்து தலைநகருக்குப் பிழைக்க வந்து, பியர் ஆக்குந் தொழிலைக் கற்றுத் தமக்கென ஒரு சிறு தொழிலகம் அமைத்துக்கொண்டவர் அவர் தந்தையார். மகன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும், மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820 இல் கண்டறிந்து உலகப் புகழ் எய்திய ஏர்ஸ்டெட் அந்நகரிலே நிகழ்த்திய விரிவுரைகளுக்கு அவ்விளைஞர் விரும்பிச் சென்றார். இயற்கை தன் விதிகளை மறைப்பதில்லை, பொறுமையோடு கேட்பவனுக்கு அது விடை கூறும் என்னும் நம்பிக்கை அவ்விரிவுரைகளால் அவர் உள்ளத்திலே வேரூன்றியது. 1835 இல் தந்தையார் காலமானார். இருபத்தைந்து வயது நிரம்பு முன்னரே தொழிற்பொறுப்பு முழுவதும் அவர் தோள்மீது வந்து விழுந்தது.

பியர் என்பது மனிதன் அறிந்த மிகப் பழைய பானங்களுள் ஒன்று. மெசப்பொத்தேமியரும் எகிப்தியரும் அதனை ஆக்கினர். பார்லியை நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்து, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் கரைத்தால் தானியத்தின் மாப்பொருள் வெல்லமாக மாறும். அவ்வினிய சாற்றை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களுடன் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மதுவம் சேர்த்தால் நொதிக்கும். மதுவம் வெல்லத்தை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியிடும். இம்மட்டில் எல்லா நாட்டுப் பியருக்கும் முறை ஒன்றே. வேறுபாடு மதுவத்திலும், அது வேலை செய்யும் குளிரிலும் வெப்பத்திலுமே தங்கியுள்ளது.

நம் ஊர்ப் பனையையும் முட்டியையும் அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால், பாளையிலிருந்து சொட்டுவது இனிக்கும் கருப்பநீர். பூசாவிடின், யாரும் எதையும் சேர்க்காமலே அது கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் உறையும் கண்ணுக்குப் புலப்படாத மதுவங்களின் வேலை அது. பெல்ஜிய நாட்டிலே சென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் சிலர், காய்ச்சிய சாற்றை அகன்ற தொட்டிகளில் திறந்து வைத்து, காற்றில் வருவதே நொதிக்கச் செய்யட்டும் என்று விட்டுவிடுகின்றனர். ஏனைய நாட்டார் முதல்நாள் தொட்டியில் எஞ்சிய நுரையையோ வண்டலையோ எடுத்து மறுநாள் தொட்டியில் இட்டனர். மோர் கொண்டு பால் உறைய வைப்பது போன்ற செயல் அது.

யாக்கொப்சனின் இளமைக் காலத்து டென்மார்க்கிலே, சாற்றின் மேலே மிதந்து நொதிக்கும் மதுவமே வழக்கிலிருந்தது. அது மிதமான வெப்பத்திலே விரைந்து வேலை செய்யும். அவ்வாறு ஆக்கிய பியர் விரைவிலே புளித்தும் போகும். ஒரு நாள் நல்லதாகவும் மறுநாள் கெட்டதாகவும் அமைவதற்குக் காரணம் கூறத் தெரிந்தவர் எவருமிலர். தெற்கே பவேரியாவிலோ நிலைமை வேறாக இருந்தது. பார்லி, ஹொப்ஸ், நீர் என்பவற்றையன்றி வேறெதையும் பியருக்குச் சேர்க்கலாகாது என்று 1516 இலேயே அங்கு சட்டம் பிறந்தது. கோடையிலே பியர் ஆக்கலாகாது என்ற தடை 1553 இல் வந்தது. இதனால் அந்நாட்டார் குளிர்காலத்திலே ஆக்கிக் குளிர்ந்த நிலவறைகளிலே மாதக்கணக்கில் வைத்து முதிரச் செய்தனர். அக்குளிரிலே தொட்டியின் அடியில் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யும் மதுவம் ஒன்று தலைமுறை தலைமுறையாக அங்கே நிலைபெற்றது. தெளிவும் மென்மையும் நீடித்து நிற்கும் இயல்பும் வாய்ந்த அப்பியரே லாகர் எனப்பட்டது. சேமித்து வைத்தல் என்பதே அச்சொல்லின் பொருள்.

இந்த முறையைத் தம் நாட்டுக்குக் கொணர்தல் வேண்டும் என்று யாக்கொப்சன் உறுதி பூண்டார். முதற் சோதனைகளைத் தாயார் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையிலே செய்து பார்த்தார் என்பர். பின்னர் 1845 ஆம் ஆண்டில் மியூனிக் நகருக்குச் சென்று, ஸ்பாட்டன் என்னும் புகழ்பெற்ற தொழிற்சாலையின் அதிபரான கபிரியேல் செட்ல்மையரைக் கண்டார். செட்ல்மையர் தம் மதுவத்தை மறைத்துவைக்கவில்லை. வடதிசையிலிருந்து வந்த அவ்விளைஞருக்கு அதனை மனமுவந்து அளித்தார். வணிகர் உலகிலே இஃது எளிய செயலன்று. வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. கதையின் பிற்பகுதியில் இக்கொடை திரும்பி வரும்.

கிடைத்த செல்வத்தை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வாறு? மதுவம் உயிருள்ளது, வெப்பம் மிகுந்தால் கெட்டுவிடும். மியூனிக்கிலிருந்து கொப்பன்ஹேகனுக்கு இடையே நூற்றுக்கணக்கான மைல்கள். பயணமோ பெரும்பாலும் குதிரைகள் இழுக்கும் தபால் வண்டியில். யாக்கொப்சன் மதுவத்தை இரண்டு தகரக் குவளைகளில் அடைத்துத் தம் தொப்பிப் பெட்டிக்குள் வைத்தார். குதிரை மாற்ற வண்டி நிற்குமிடந்தோறும் இறங்கிச் சென்று, குளிர்ந்த நீரை அக்குவளைகள் மீது ஊற்றினார். உடன் பயணஞ் செய்தோர் அவரைப் பித்தரென்றே எண்ணியிருத்தல் கூடும். ஊர் வந்து சேர்ந்தபோது மதுவம் உயிரோடிருந்தது. நகரத்துப் பழைய மதிலரணின் கீழுள்ள நிலவறைகளிலே அவர் முதல் லாகரை முதிர வைத்தார். மக்கள் அதனை விரும்பி வாங்கினர்.

நகரத்தின் நெருக்கடியிலே பெருந்தொழில் நடத்துதல் இயலாது. ஆகவே மதிலுக்கு வெளியே, வால்பி என்னும் ஊரின் அருகே ஒரு குன்றுச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். டென்மார்க்கின் முதற் புகைவண்டிப் பாதை 1847 இல் அவ்வழியே அமைந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே முதற் பியர் ஆக்கப்பட்டது. அப்போது அவருடைய ஒரே மகன் கார்லுக்கு வயது ஐந்து. பேர்க் என்றால் குன்று. மகனுடைய பெயரையும் குன்றையும் இணைத்து, தம் தொழிற்சாலைக்குக் கார்ல்ஸ்பேர்க் என்று பெயரிட்டார். தாம் கட்டுவதெல்லாம் மகனுக்கே என்று உலகறியக் கூறுவதற்கு இதனினும் சிறந்த வழி உண்டோ?

தொழில் வளர்ந்தது, செல்வம் பெருகிற்று. யாக்கொப்சன் பாராளுமன்றத்திலும் உறுப்பினராய் அமர்ந்தார். அரசர்களின் பழைய மாளிகையாகிய பிரெடரிக்ஸ்போர்க் 1859 இல் தீக்கிரையானபோது, அதனைப் புதுப்பிக்கும் பணிக்கு வாரி வழங்கினார். பின்னர் 1878 இல் அம்மாளிகை நாட்டு வரலாற்று அரும்பொருட்சாலையாக மாறியதும் அவர் முயற்சியாலேயே. 1864 ஆம் ஆண்டுப் போரில் தோற்று நிலப்பரப்பில் கணிசமான பகுதியை இழந்த சிறு நாடு, அறிவாலும் கலையாலும் நிமிர்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மகனையும் அந்நோக்கோடேயே வளர்த்தார். 1866 முதல் நான்கு ஆண்டுகள் கார்லைப் பிற நாடுகளுக்கு அனுப்பி, ஆங்காங்குள்ள பியர் முறைகளைக் கற்கச் செய்தார். ஜேர்மனியின் லாகரும், ஸ்கொத்லாந்தின் ஏலும் அவ்விளைஞனுக்குப் பாடங்களாயின. தந்தை நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். எதைப் பார்க்க வேண்டும், எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், எவ்வாறு நடக்க வேண்டும் என்றெல்லாம் அறிவுரைகள். அவ்வறிவுரைகளைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிறிது சங்கடமாயிருந்தது. என் மூத்த மகன் பல்கலைக்கழகம் சென்ற காலத்தில் நான் எழுதிய கடிதங்களும் ஏறக்குறைய அவ்விதமாகவே இருந்தன.

மகன் திரும்பி வந்ததும், 1871 இல், தம் தொழிற்சாலையின் அருகே கட்டிய இரண்டாம் தொழிற்சாலையை அவனுக்குக் குத்தகைக்கு அளித்தார் தந்தை. ஆங்கில முறையான பியர் வகைகளையே மகன் ஆக்குதல் வேண்டும், தம்முடைய லாகரைத் தாமே ஆக்குவதென்பது ஏற்பாடு. ஆனால் டென்மார்க்கு மக்கள் ஆங்கில வகைகளை விரும்பவில்லை. கார்லும் லாகர் ஆக்கத் தொடங்கினார். இங்கேதான் பிளவு தோன்றியது. பியர் நிலவறையிலே நெடுங்காலம் முதிர்தல் வேண்டும், தரமே முதன்மை, அதற்காக அளவு குறையினும் குறையட்டும் என்பது தந்தையின் கொள்கை. கேட்போர் தொகை பெருகுகின்றது, அதற்கேற்ப விரைந்து ஆக்கி மிகுதியாக விற்றல் வேண்டும் என்பது மகனின் கொள்கை. மகனுடைய உற்பத்தி தந்தையின் உற்பத்தியை நெருங்கி மிஞ்சியது.

இக்காலத்திலேயே யாக்கொப்சன் தம் வாழ்வின் மிகப் பெரிய செயல்களைச் செய்தார் என்பது வியப்பிற்குரியது. 1875 இல் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தை நிறுவினார். மறு ஆண்டு 10 இலட்சம் குரோனர் மூலதனத்தோடு கார்ல்ஸ்பேர்க் அறநிதியத்தைத் தொடக்கினார். அதனை நடத்தும் பொறுப்பைத் தம் உறவினரிடமோ வணிகரிடமோ விடவில்லை. டென்மார்க்கின் அறிவியற் கழகத்தார் தம்முள் தெரிந்தெடுக்கும் ஐந்து அறிஞரிடம் ஒப்படைத்தார். ஆய்வுகூடத்துக்கு அவர் விதித்த விதி ஒன்று இன்று படிப்பினும் உள்ளத்தைத் தொடுகின்றது. அங்கே காணப்படும் பயனுள்ள முடிவுகள் எவையாயினும் அவற்றை மறைத்தலாகாது. முழுவதையும் உலகுக்கு வெளியிடுதல் வேண்டும் என்பதே அது. போட்டியாளரும் அவற்றைப் படிப்பர் என்பதை அறியாதவரல்லர் அவர்.

அவ்விதிக்குச் சோதனை 1883 இல் வந்தது. அவருடைய சொந்தத் தொழிற்சாலையின் பியருக்கே நோய் கண்டது, சுவை கெட்டது. பியர் கெடுவதற்குப் பற்றீரியாக்களே காரணம் என்று 1876 இல் வெளியிட்ட நூலிலே பாஸ்டர் விளக்கியிருந்தார். யாக்கொப்சன் பாஸ்டரைப் பெரிதும் போற்றியவர். ஆனால் ஆய்வுகூடத்து அறிஞர் எமில் கிறிஸ்தியன் ஹன்சன் நுணுக்குக்காட்டியின் வழியே வேறொன்றைக் கண்டார். பற்றீரியாக்கள் மட்டுமல்ல, மதுவத்திலேயே நல்லதும் தீயதும் உண்டு. தொட்டியிலே காட்டு மதுவங்கள் கலந்துவிட்டன என்பதே அது. ரீபே என்னும் ஊரிலே எளிய குடியிற் பிறந்து, வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலும் செய்து, பின்னர் படித்து முன்னேறியவர் ஹன்சன். அவர் பிறந்த ஆண்டும் கார்ல் பிறந்த 1842 ஆம் ஆண்டே.

மதுவம் கலந்த நீர்மத்தை மேலும் மேலும் ஐதாக்கி, ஒரேயொரு கலத்தைத் தனியே பிரித்து, அதிலிருந்து ஒரே குலத்து மதுவத்தைப் பெருக்கினார் ஹன்சன். இவ்வாறு பிரித்த வகைகளுள் ஒன்றே நல்ல பியரைத் தந்தது. 1883 நவம்பரில் அத்தூய மதுவத்தைக் கொண்டு தொழிற்சாலையிலே பியர் ஆக்கினர். நோய் தீர்ந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக நல்லூழை நம்பியிருந்த தொழில், அன்று முதல் அறிவை நம்பும் தொழிலாயிற்று. நிலத்துக்கு விதை தெரிந்தெடுக்கும் உழவனைப் போலத் தொட்டிக்கு மதுவம் தெரிந்தெடுக்க மனிதன் கற்றுக்கொண்டான்.

இந்த இரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தால் யாக்கொப்சன் ஐரோப்பா முழுவதையும் தம் வாடிக்கையாக்கியிருத்தல் கூடும். அவர் அவ்வாறு செய்யவில்லை. முறை அச்சில் வெளிவந்தது; கேட்ட தொழிலகங்களுக்கு மதுவமும் விலையின்றி அனுப்பப்பட்டது. மியூனிக்கிலே செட்ல்மையர் அவருக்கு அளித்த கொடை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறு பன்மடங்காகி உலகுக்குத் திரும்பியது. இன்று நாம் எந்நாட்டு லாகரின் பெயரைக் கேட்பினும், அதன் பின்னே ஹன்சனின் முறை நிற்கின்றது.

ஆனால், ஆய்வுகூடத்திலிருந்து சில நூறு அடி தொலைவிலே நிகழ்ந்தது வேறு கதை. மகனுடைய குத்தகையை முடித்துக்கொள்ளத் தந்தை முற்பட்டார். கார்ல் அருகிலேயே தமக்கென ஒரு தொழிற்சாலையைக் கட்டி, 1882 அளவிலே புதிய கார்ல்ஸ்பேர்க் என்ற பெயரில் நடத்தலானார். அப்பெயரை மகன் கையாளுவது பற்றியும் பிணக்கு மூண்டது. மகனுடைய பெயராலேயே அமைந்த ஒரு பெயர் யாருக்கு உரியது என்று தந்தையும் மகனும் வழக்காடிய காட்சியை என்னென்பது! இரு தொழிற்சாலைகளுக்கும் இடையே சென்ற தெருவுக்குத் தந்தை ஒரு பெயரும் மகன் வேறு பெயரும் சூட்டி, இருவரும் போட்டியாகப் பெயர்ப்பலகை நாட்டினர். ஊரார் நகைத்தனர். ஆண்டுக்கணக்கில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1882 இல் எழுதிய மரண சாசனத்திலே, தம் தொழிற்சாலை முழுவதையும் தமக்குப் பின்னர் அறநிதியத்துக்கே எழுதி வைத்தார் தந்தை. மகனுக்கென்று பெயரிட்டது மகனுக்குச் சேரவில்லை.

நான் நெடுநேரம் சிந்தித்தது இவ்விடத்தையே. முன்பின் அறியாத வணிகருக்கு மதுவத்தை இலவசமாக அனுப்பியவர், ஹன்சனைத் தம் போக்கில் ஆராய விட்டு அவர் கண்ட புதுமையை ஏற்றுக்கொண்டவர், மகன் வேறு விதமாக எண்ணுவதை மட்டும் பொறுக்க இயலாதவராய் இருந்தது ஏன்? அறிவை நாம் கொடுக்கும்போது அது நம்மை விட்டுப் போகும் என்று அறிந்தே கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதோ, கொடுத்தது நம் உருவிலேயே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெற்றோராயும் ஆசிரியராயும் இருப்போர் இரண்டு தவறுகளுக்கும் இடையே நாள்தோறும் நடக்கிறோம்.

நல்வினையாகக் கதை அங்கே முடியவில்லை. 1886 இல் தந்தையும் மகனும் மீண்டும் ஒன்றுபட்டனர். அடுத்த ஆண்டு இத்தாலியிலே இரு குடும்பத்தாரும் கூடினர். உரோமாபுரியிலே யாக்கொப்சன் நோயுற்றார். 1887 ஏப்ரில் 30 ஆம் நாள், தம் எழுபத்தாறாம் வயதிலே, அங்கேயே உயிர் நீத்தார். இறுதி நாள்களில் மகன் அருகிலிருந்தார். இடையே கழிந்த ஆண்டுகளை மீட்க இயலாதாயினும், பேசாமலே பிரியும் துயரம் இருவருக்கும் நேரவில்லை.

தந்தையின் சொத்துக் கிட்டாத மகன், தந்தையின் இயல்பைப் பெற்றிருந்தார். கார்ல் தாம் தேடிய செல்வத்தைக் கலைக்கு வாரி வழங்கினார். கிளிப்டொதெக் என்னும் சிற்பச்சாலை 1897 இல் திறக்கப்பட்டது. தந்தை அறிவியலுக்குச் செய்தது போலவே, 1902 இல் கலைக்கென ஓர் அறநிதியத்தை நிறுவி, தம் தொழிற்சாலையை அதற்கு உரியதாக்கினார். 1906 இல் இரு தொழிற்சாலைகளும் இணைந்து ஒன்றாயின. கொப்பன்ஹேகன் கடற்கரைப் பாறையிலே அமர்ந்திருக்கும் கடற்கன்னியின் சிலை உலகறிந்தது. அதனைச் செய்வித்து 1913 இல் நகருக்கு அளித்தவரும் கார்லே. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

யாக்கொப்சன் வாழ்ந்த இல்லமும் அவர் விருப்பப்படி, நாட்டுக்கு ஒளி தரும் அறிஞர் ஒருவர் வாழ்நாள் முழுதும் வாடகையின்றி வாழும் இல்லமாயிற்று. அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போர் 1932 முதல் 1962 இல் இறக்கும் வரை அவ்வில்லத்திலேயே வாழ்ந்தார். பியர் விற்ற பணம் அணுவியல் அறிஞருக்கு நிழல் தந்தது.

மறுநாள் வகுப்பறைக்குச் சென்றபோது என்னுள் ஒரு தயக்கம் இருந்தது. பியர் தொழிற்சாலை என்னும் சொல்லை மாணாக்கர் முன் கூறுவதா என்று. குடியினால் கெட்ட குடும்பங்களை நம் ஊரிலே கண்டவன் நான். குடியை எக்காரணங்கொண்டும் போற்றமாட்டேன். ஆயினும் உண்மையை மறைத்தல் யாக்கொப்சனின் விதிக்கு முரணாகும் என்று எண்ணி, முழுக் கதையையும் கூறினேன். மாணாக்கர் தொப்பிப் பெட்டியின் கதையைக் கேட்டுச் சிரித்தனர்; பெயர்ப்பலகைக் கதையைக் கேட்டபோது அமைதியாயினர். வினவிய மாணாக்கன் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியதும், தூர தேசத்திலே தான் விரும்பிய தொழிலைச் செய்துகொண்டிருக்கும் என் மூத்த மகனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதிலே அறிவுரை ஒன்றும் எழுதவில்லை. அவன் செய்யும் தொழில் எத்தகையது, அதனை விளக்கி எழுதுக என்று மட்டும் கேட்டிருந்தேன்.